மெஷினுக்கு ஒரு பொட்டு

எங்கள் பிளான்ட் ஹெட்டுக்கு எங்கள் மூன்று பேரையும் 'லேடீஸ் டீம்' என்று சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க வராது. வெளியாட்கள் யார் வந்தாலும் மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரின் மூலைக்கு அழைத்து வந்து, "இது எங்கள் லேடீஸ் டீம்" என்று கையை விரித்துக் காட்டுவார். புதிதாக வாங்கிய சோபா செட்டைக் காட்டுவது போல இருக்கும். மெயின்டனன்ஸில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்தான். அவர்களை 'ஜென்ட்ஸ் டீம்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல மனிதர், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கெட்ட மனிதராக இருந்தால் நிம்மதியாகச் சண்டையாவது போடலாம்.

ஃபாக்டரி இருப்பது ரஞ்சன்காவில். புனேயிலிருந்து 'நகர் ரோடு' நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்ஸில் போக வேண்டும். நெரிசலில் வாகோலியைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்போம். நாங்கள் செய்வது பிரேக் பிஸ்டன். பைக்கின் பிரேக்குக்குள் கட்டைவிரல் பருமனில் பளபளவென்று ஒரு உருளை இருக்கும், அதுதான். அதன் மேல் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் கசியும். அதனால் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். பழைய லைனில் ஆட்கள் உட்கார்ந்து கண்ணால் பார்க்கிறார்கள். புது லைன் ஒன்று வரப்போகிறது, அதற்குக் கேமரா வைத்துப் பார்க்கும் மெஷினை வெளிநாட்டிலிருந்து வாங்கலாம் என்று மீட்டிங்கில் பேச்சு நடந்தது. "அதை நாங்களே செய்யலாமே" என்று சொன்னது நான். என் வாய் அப்படித்தான். அது முதலில் பேசிவிடும், எனக்குப் பிறகுதான் தெரியும்.

நாங்கள் என்று சொல்லிவிட்டேனே தவிர, அப்போது நான் ஒருத்திதான். மற்ற இருவரையும் அதற்குப் பிறகுதான் தேடிப் பிடித்தேன். ஒருத்தி மராட்டிக்காரி, என் வயதுதான். ஃபிஸிக்ஸ் படித்தவள். இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் வேலையை விட்டு, அவர்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்பி வந்தவள். வந்தவளுக்கு ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலையைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். கீறல் என்பது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது என்று அவள் ஒருநாள் கேன்டீனில் ஸ்பூனை வைத்துக்கொண்டு காட்டினாள். சாப்பிடும் ஸ்பூனைச் சாய்த்தால் கீறல் தெரிந்தது, நிமிர்த்தினால் மறைந்தது. சாப்பாட்டை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொருத்தி சின்னப் பெண். அப்பா அம்மா கோயமுத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து ஹடப்சரில் ஃப்ளாட் வாங்கியவர்கள். அவள் பிறந்தது இங்கேதான். கம்ப்யூட்டரோடு பேசச் சொன்னால் மடமடவென்று பேசுவாள், தமிழ் பேசச் சொன்னால் மேடு பள்ளம் பார்த்துப் பார்த்துதான் வருவாள். நல்ல பிஸ்டன் எது, கெட்டது எது என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்.

மெஷினின் சட்டம், பிஸ்டனைச் சுழற்றும் மேடை, கெட்டதைத் தள்ளிவிடும் கை, இதெல்லாம் என் பொறுப்பு. அதனால் எனக்கு உடம்பு என்று பெயர். மராட்டிக்காரி வெளிச்சம். சின்னவள் மூளை. எங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். "உடம்புக்கு இன்று என்ன, முகம் தொங்கியிருக்கிறதே" என்று வெளிச்சம் கேட்டால், பக்கத்து மேஜைக்காரர்கள் நான் நோயில் படுத்து எழுந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மெஷின் தப்பாக ஏதாவது செய்தால் மூன்று பேரும் உடனே "என்னுடையது" என்று சொல்ல வேண்டும். யார் முதலில் சொல்கிறாள் என்று போட்டியே நடக்கும். ஆரம்பத்தில் ஒருத்தி மேல் ஒருத்தி பழி போட்டு, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து பட்டபின் வந்த வழக்கம் இது. பழியை எடுத்துக்கொள்ள ஆள் இருந்துவிட்டால் கோளாறைத் தேட நிறைய நேரம் மிஞ்சுகிறது.

மழைக்காலம் முழுக்க அந்த மூலையில் கிடந்தோம். ஃபாக்டரி வேலை, வீட்டு வேலை, பஸ் எல்லாம் போக எனக்கு அந்த நாட்களில் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் பஸ்ஸுக்கு ஓடுவதே ஆசையாக இருந்தது. முதல் கீறலை மெஷின் தானாகக் கண்டுபிடித்துத் தள்ளிவிட்ட அன்று மூளை நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினாள். மெயின்டனன்ஸ்காரர்கள் எலி வந்துவிட்டது என்று துடைப்பத்தோடு ஓடி வந்தார்கள்.

நவராத்திரிக்கு முன்னால் பிளான்ட் ஹெட் ஒரு நாள் குறித்தார். தசரா முடிந்த மறுநாள், பிஸ்டன் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வந்து மெஷினைச் சோதித்துப் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டால் புது லைனில் எங்கள் மெஷின் நிற்கும். நாங்கள் மூவரும் மெஷின் கட்டும் தனிப் பிரிவாக இருப்போம். இல்லையென்றால் வெளிநாட்டுப் பெட்டி வரும். வெளிச்சம் மறுபடி ரிப்போர்ட் மேஜைக்குப் போவாள், மூளையைப் பிம்ப்ரி ஆபீஸுக்கு மாற்றுவார்கள், நான் பழையபடி பிறர் வரைந்த மெஷின் படங்களைச் சரிபார்ப்பேன். இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

நவமியன்று எங்கள் ஃபாக்டரியில் மெஷின்களுக்குப் பூஜை. இங்கே அதைக் கண்டே நவமி என்பார்கள், நமக்கு ஆயுத பூஜை. அன்று குடும்பத்தினரை அழைத்து வரலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மாவுக்கு ஃபாக்டரி பூஜை புதிதல்ல. அப்பா இதே புனேயில் கட்கி வெடிமருந்து ஃபாக்டரியில் டர்னர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே வேலை செய்து, அங்கேயே ரிட்டயர் ஆனவர். இப்போது இல்லை. அப்பா ஓட்டிய லேத்தின் குணம், கோபம், தும்மல் எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் அம்மா அதைக் கிட்டப் போய்ப் பார்த்ததே கிடையாது. ஆயுத பூஜையன்று குடும்பங்களை உள்ளே விடுவார்கள். ஆனால் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெண்களும் பிள்ளைகளும் நின்று பார்த்துவிட்டு, பூந்தி பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தும், பிறகு அம்மாவின் கையைப் பிடித்தும் நானும் அந்தக் கயிற்றைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஃபாக்டரி வாசலிலேயே அம்மா நின்றுவிட்டாள். பட்டுப்புடவை, தலை நிறைய பூ, கையில் ஒரு பை. "இன்னாடி, கயிறு கட்டலையா?" என்று கேட்டாள்.

"இங்கே அதெல்லாம் இல்லம்மா. வா."

"கிட்ட போலாமா?"

"போலாம்."

நம்பாமல் என்னை இரண்டு முறை பார்த்தாள். பிறகு நடந்தாள் பாருங்கள், எனக்கு வழி காட்டும் வேலையே இல்லாமல் போய்விட்டது. எங்கள் மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டு, கதவைத் திறந்து வைத்திருந்தோம். வெளிச்சம் வந்து அம்மாவின் காலைத் தொட்டு, "காகூ" என்று மராட்டியில் சித்தி முறை சொல்லிக் கட்டிக்கொண்டாள். அம்மா மெஷினைச் சுற்றி வந்தாள். கல்யாணப் பெண்ணைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்ணு கண்ணுன்னு சொல்லிகினு இருப்பியே, அது எங்க கீது?"

மூளைதான் காட்டினாள். பெட்டிக்குள்ளே, பிஸ்டன் சுழலும் மேடைக்கு எதிரே பக்கச் சுவரில் ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குப் பின்னால் கேமரா. தலையை உள்ளே விட்டுத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். "ஆன்ட்டி, நீங்க டச் பண்ணலாம். ஒண்ணும் ஆகாது" என்று அவள் தன் சின்னத் தமிழில் தைரியம் சொன்னாள். அந்த நேரம் பார்த்து பிளான்ட் ஹெட் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார். நாங்கள் மூவரும் ஓடினோம். திரும்பி வந்தபோது அம்மா பையை மூடிக்கொண்டு, மெஷினைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. நான் மெதுவாகக் கதவை மட்டும் சாத்தினேன். வீட்டுக்குப் போகும் வழியில் மகாகணபதி கோயிலில் இறங்கி, அம்மா எனக்காக ஒன்றும் மெஷினுக்காக ஒன்றுமாகத் தேங்காய் உடைத்தாள்.

சோதனை நாளன்று வாகோலியில் ஒரு டிரெய்லர் குறுக்கே நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வந்தவர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். மெஷினை ஒருமுறை ஓட்டிப் பார்க்க நேரமே இல்லை.

நாங்கள் எதிர்பார்த்தது ஒரு மீசைக்காரரை. வந்திருந்தது ஒரு பெண்மணி. குள்ளம், நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. தன் பையிலிருந்து சொந்த சேஃப்டி ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "எந்த ஃபாக்டரிக்குப் போனாலும் என் அளவுக்கு ஷூ இருப்பதில்லை. கூடவே தூக்கிக்கொண்டு அலைகிறேன்" என்றார் இந்தியில். என் ஷூவும் ஆண்கள் சைஸ்தான், முன்னால் பஞ்சு அடைத்தது. காலை நீட்டிக் காட்டினேன். சிரித்தார். பிளான்ட் ஹெட் கையை விரித்து, "இது எங்கள் லேடீஸ் டீம்" என்றார். அந்தம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு, "மெஷினைக் காட்டுங்கள்" என்றார். எனக்கு அவரை அங்கேயே பிடித்துப் போயிற்று.

முதல் பிஸ்டன் போயிற்று. நல்ல பிஸ்டன், நாங்களே பொறுக்கி வைத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கை அதைத் தள்ளிவிட்டது.

இரண்டாவது. சிவப்பு.

அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் சிவப்பு. தள்ளிய பிஸ்டன்கள் டிரேயில் கண கணவென்று விழுந்துகொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் கூசும். சுற்றி நின்றவர்களில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிளான்ட் ஹெட் என் பக்கம் குனிந்து, "காய் ஜாலா?" என்று மெல்லக் கேட்டார். என்ன ஆயிற்று என்று தெரிந்தால் நான் ஏன் மரம் மாதிரி நிற்கிறேன்?

"என்னுடையது" என்றாள் மூளை. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"இல்லை, என்னுடையது. விளக்கு சூடாகியிருக்கும்" என்றாள் வெளிச்சம்.

"என்னுடையது" என்று நானும் சொன்னேன். சொன்னவுடன் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்தம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு இடங்களில் அவர் கேட்டுப் பழகியது 'என்னுடையது இல்லை' என்பதைத்தான் போலிருக்கிறது.

ஸ்கிரீனைப் பார்த்தோம். பிஸ்டன் மேல் இடது பக்கத்தில் மங்கலாக ஒரு நிழல். பிஸ்டன் சுழன்றது. நிழல் சுழலவில்லை. பிஸ்டன் மேல் இருக்கும் கறை என்றால் கூடவே சுற்ற வேண்டும். "எடுத்துவிட்டு ஓட்டு" என்றேன். மேடையில் ஒன்றுமே இல்லாமல் ஓட்டினோம். நிழல் அதே இடத்தில் அப்படியே நின்றது.

அப்படியானால் கறை கண்ணாடியில். கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுத் திரும்பினேன். முதலில் வாசனை வந்தது. சந்தன வாசனை.

வட்டக் கண்ணாடியின் மேல் ஒரு பொட்டு. குழைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அவ்வளவு வட்டமாகக் காம்பஸ் வைத்துக்கூட யாராலும் போட முடியாது. இங்கே எல்லோரும் வைப்பது மஞ்சளும் குங்குமமும். அடியில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டு ஃப்ரிஜ்ஜிலும் மிக்ஸியிலும் என் ஸ்கூட்டியிலும் அந்த விரல் வைத்த பொட்டுதான் இருக்கிறது. நவமியன்று அந்த ஃபாக்டரிக்குள் சந்தனக் கிண்ணத்தோடு நடந்து வந்தது ஒரே ஒருத்தி.

மெஷினுக்குள் தலையை விட்டபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. கோட்டு நுனியால் துடைத்துவிட்டு, "தூசு" என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பொட்டைத் தூசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை வெளியே எடுத்து, "என் அம்மா பொட்டு வைத்திருக்கிறார்கள்" என்றேன்.

மூளை, "ஐயோ, நான்தான் டச் பண்ணலாம்னு சொன்னேன்" என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளிச்சம், "அரே தேவா" என்று மேஜை மேல் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பிளான்ட் ஹெட் சிரிக்கவில்லை. வந்தவர் முன்னால் மானம் போயிற்றே என்ற கவலை அவருக்கு. "மன்னிக்க வேண்டும் மேடம். அடுத்த வருடத்திலிருந்து குடும்பத்தினரை மெஷின் பக்கம் விடமாட்டோம். கயிறு கட்டிவிடுகிறோம்" என்றார்.

கயிறு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "சார், கயிறு கட்டினால் என் அம்மா நிற்பார்கள். எண்ணெய் நிற்குமா?" என்றேன். "ஃபிட்டர் கை பட்டாலும் கண்ணாடியில் ரேகை விழும். கூலன்ட் தெறிக்கும். மழைக்காலத்தில் ஆவி படியும். எதுவும் கயிறு பார்த்து நிற்காது. இன்று குங்குமம் வந்தது நல்லதாகப் போயிற்று. கண்ணில் அழுக்கு இருந்தால் அதைச் சொல்ல இந்த மெஷினுக்குத் தெரியவில்லை. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. கோளாறு அதுதான். அது எங்களுடையது."

வாய் முந்திக்கொண்டுவிட்டது என்று எனக்கே பயமாகத்தான் இருந்தது. அந்தம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மெஷினுக்குள் தலையை விட்டார். நிதானமாகப் பார்த்தார். வெளியே வந்து, "பொட்டு ரொம்ப அழகாக இருக்கிறது" என்றார். பிறகு, நான் துணியை எடுத்ததைப் பார்த்து, "துடைக்காதீர்கள்" என்றார்.

தன் பையிலிருந்து சில பிஸ்டன்களை எடுத்தார். அவராகவே கீறல் போட்டுக் கொண்டு வந்தவை. எதில் எங்கே கீறல் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பொட்டு இருக்கும்போதே அவற்றை ஓட்டச் சொன்னார். எல்லாவற்றையும் மெஷின் தள்ளிவிட்டது. "கண் தெரியாதபோது எதையும் நல்லது என்று அனுப்பவில்லை. எனக்கு இது முக்கியம்" என்றார். பிறகு துடைக்கச் சொன்னார். நானே துடைத்தேன், மனசுக்குள் அம்மாவிடம் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டேன். நல்ல பிஸ்டன்களோடு அவருடைய கெட்டவற்றைக் கலந்து போட்டார். பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை. டிரேயில் கடைசியில் விழுந்து கிடந்தவை அவர் கொண்டு வந்தவை மட்டும்தான். ஒன்றில் கீறல் எங்கே என்று நான் வெயிலில் பிடித்துத் தேடியும் எனக்குத் தெரியவில்லை. மெஷினுக்குத் தெரிந்திருந்தது.

"கண்ணில் அழுக்கு இருந்தால் சொல்ல வேண்டும். அதை எப்போது செய்து தருவீர்கள்?" என்று கேட்டார்.

நான் ஒரு வாரம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். முதல் முறையாக என்னை முந்திக்கொண்டு மூளை, "நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் மேடம்" என்றாள்.

அவர் கேன்டீனுக்குப் போனார். நாங்கள் சாப்பிடவில்லை. வேலை பெரியது அல்ல. ஷிப்ட் தொடங்கும்போது மேடையில் பிஸ்டன் வைக்காமல் ஒருமுறை பார்க்க வேண்டும்; நிழல் தெரிந்தால் பிஸ்டனைக் குறை சொல்லாமல் நின்று, ஸ்கிரீனில் 'கண்ணாடியைத் துடை' என்று மராட்டியில் காட்ட வேண்டும். மூளை எழுதினாள். வெறும் மேடையைப் பார்க்க என்ன வெளிச்சம் வேண்டும் என்று வெளிச்சம் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறும் மேடை வழுவழுவென்று மின்னி மெஷினை ஏமாற்றாமல் இருக்க, வைத்து எடுக்கும் ஒரு மங்கலான அலுமினியத் தட்டை நான் ராவி எடுத்தேன். தசரா முடிந்த மறுநாள் ஆனதால், வழியில் போனவர்களெல்லாம் இந்த ஊர் வழக்கப்படி தங்கம் என்று சொல்லி ஆப்டா இலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் மேஜை முழுக்க இலை. விரல் முழுக்க அலுமினியத் தூள். எனக்கு நினைவு தெரிந்து அவ்வளவு நல்ல மத்தியானம் வந்ததில்லை.

அந்தம்மா திரும்பி வந்தார். சோதித்துப் பார்க்க அழுக்கு வேண்டுமே என்று நாங்கள் கிரீஸ் டப்பாவைத் தேடினோம். "கிரீஸ் எதற்கு?" என்றார் அவர். கேன்டீன் பிள்ளையார் படத்துக்கு முன்னாலிருந்து குங்குமத்தை வாங்கி வந்திருந்தார். மோதிர விரலைத் தண்ணீரில் நனைத்து, குங்குமத்தில் தொட்டு, தலையை உள்ளே விட்டு, கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். மெஷின் அசையாமல் நின்றது. ஸ்கிரீனில் 'காச் புஸா' என்று எழுத்து வந்தது. துடைத்தோம். பச்சை.

கையெழுத்துப் போடும்போது அந்தம்மா பிளான்ட் ஹெட்டைப் பார்த்து, "கயிறெல்லாம் வேண்டாம். இன்னும் நாலு அம்மாக்களைக் கூப்பிடுங்கள்" என்றார். பிளான்ட் ஹெட் அப்போதுதான் சிரித்தார். அடக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது, வயிறு குலுங்கச் சிரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "உன் வேலைக்கு நானே உலை வெச்சிட்டேனாடி?" என்றாள். இல்லையென்று திரும்பத் திரும்பச் சொல்லி, மெஷின் பாஸாகிவிட்டது என்று உலுக்கிச் சொன்னபின்தான் நிமிர்ந்தாள். பிறகு, "அந்தம்மா பொட்டு அழகா கீதுன்னா சொல்லிச்சி?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"அப்ப கண்ணுல வெக்கக் கூடாதுன்னா, வேற எங்கதான் வெக்கிறது?"

மெஷின் முழுக்கத் தேடினாலும் பொட்டு வைக்க என்று ஓர் இடமும் அதில் கிடையாது. ஒவ்வொரு திருகுக்கும் இடம் யோசித்த எனக்கு அது தோன்றவில்லை.

இரண்டாவது மெஷினுக்கு ஆர்டர் வந்ததும், ஒருநாள் ஆபீஸிலிருந்து வெர்னியர் அளவுகோலை வீட்டுக்குக் கொண்டு வந்து அம்மாவின் மோதிர விரல் நுனியை அளந்தேன். "இன்னாத்துக்கு, மோதிரம் வாங்கப் போறியா?" என்று விரலை நீட்டிக்கொண்டே இருந்தாள். மெஷினின் நெற்றியில், கதவுக்கு மேலே, அந்த அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு வட்டத் தகடு வரைந்தேன். படத்தில் அதற்கும் மற்ற பாகங்களைப் போலவே எண் உண்டு, அளவு உண்டு. படம் கையெழுத்துக்குப் போனபோது பிளான்ட் ஹெட் பேனாவால் அந்த வட்டத்தைத் தட்டி, "இது எதற்கு?" என்றார். "என் அம்மாவுக்கு" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். இன்னும் எங்களை லேடீஸ் டீம் என்றுதான் சொல்கிறார். ஆனால் இப்போது முதலில் மெஷினைக் காட்டுகிறார்.

அடுத்த நவமிக்கு அம்மா அதே பட்டுப்புடவையில் வந்தாள். மூளை தன் அம்மாவையும், வெளிச்சம் தன் மாமியாரையும் அழைத்து வந்திருந்தார்கள். நான் படத்தை விரித்து, "இதுதான்மா உன் இடம்" என்று விரலை வைத்துக் காட்டினேன். அவ்வளவு கோடுகளுக்கு நடுவே அந்தச் சின்ன வட்டத்தை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எக்கி நின்று, மெஷினின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். ஓரத்தில் கொஞ்சம்கூட வழியவில்லை.

இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள், நானும் அழுதுவிடுவேன் என்று காத்திருந்தேன்.

"சின்னதா கீதுடி" என்றாள் அம்மா. "அடுத்த மெஷின்ல இன்னும் கொஞ்சம் பெருசா போடு."